முன்னறிவும் முதற்பாவமும்: நெல்லைச் சீமைப் படைப்பாளர் மூவரை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கடவுள் முக்காலமும் அறிந்தவர் எனின், மனிதன் பாவத்தில் வீழ்வான் என்பதை அறிந்தே அவனைப் படைத்தாரா என்னும் வினா கிறித்தவ இறையியலின் பழைய வினாக்களுள் ஒன்று. இவ்வினா தமிழுக்கு வந்தபோது ஊழ், வினை, மலம், சென்மம் ஆகிய சொற்களின் வழியாகவே வந்தது. செங்கோட்டை ஆவுடையக்காள், எச்.ஏ. கிருஷ்ணப் பிள்ளை, வெள்ளகால் ப. சுப்பிரமணிய முதலியார் ஆகிய மூவரின் படைப்புகளை அருகருகே வைத்து நோக்கும் இக்கட்டுரை, சென்ம பாவத்தையும் ஆணவ மலத்தையும் ஒன்றெனக் கொள்ளும் ஒப்பியல் வழக்கத்தை மறுக்கிறது.

திறவுச்சொற்கள்: முன்னறிவு, முன்குறித்தல், சென்ம பாவம், ஆணவ மலம், திரோதானம், இரட்சணிய யாத்திரிகம், சுவர்க்க நீக்கம்.

முன்னுரை

1894ஆம் ஆண்டு எச்.ஏ. கிருஷ்ணப் பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' வெளிவந்தது. அடுத்த ஆண்டே வெள்ளகால் ப. சுப்பிரமணிய முதலியாரின் 'சுவர்க்க நீக்கம்' வெளிவந்தது. முன்னது ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத் தழுவிய காப்பியம். பின்னது ஜான் மில்டன் 1667இல் வெளியிட்ட பெருங்காப்பியத்தின் முதற்பகுதியைத் தமிழ்ச் செய்யுளாக்கியது. முன்னவர் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். பின்னவர் தென்காசிப் பகுதியைச் சேர்ந்த வெள்ளகாலில் 1857இல் பிறந்தவர், கால்நடை மருத்துவத் துறையில் பணியாற்றியவர், நெல்லைச் சிலேடை வெண்பாவும் பாடியவர், கிறித்தவம் தழுவாதவர். ஒரே சீமையிலிருந்து ஓராண்டு இடைவெளியில் இரண்டு ஆங்கிலப் பியூரிட்டன் படைப்புகள் தமிழ்ச் செய்யுளாயின. இரண்டின் அடியிலும் இருப்பது ஒரே வினாதான்: பாவம் எங்கிருந்து வந்தது? அது வரும் என்பது இறைவனுக்கு முன்பே தெரிந்திருந்ததா?

இவ்விரு நூல்களும் தமிழ் இலக்கிய வரலாறுகளில் வெவ்வேறு இயல்களில் வைக்கப்படுகின்றன. ஒன்று 'கிறித்தவ இலக்கியம்' என்ற தலைப்பின்கீழும், மற்றொன்று 'மொழிபெயர்ப்பு' என்ற தலைப்பின்கீழும் அடங்கிவிடுவதால் இவை ஒன்றையொன்று நோக்கிப் பேசுவது காதில் விழுவதில்லை. இவற்றுக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முன்பு, அதே மலையடிவாரத்துச் செங்கோட்டையில், பாவத்தின் தொடக்கம் என்ற வினாவையே செல்லாததாக்கிய ஒரு குரல் ஒலித்திருக்கிறது. அக்குரலையும் சேர்த்துக்கொண்டால்தான் இவ்வட்டாரத்தில் இச்சிக்கல் எதிர்கொண்ட கருத்துச்சூழல் முழுமையாகத் தெரியவரும்.

சிக்கலின் அமைப்பு

இறை முன்னறிவு என்பது தனித்து நிற்கையில் பெரிய சிக்கலன்று. குற்றால மலைமுகட்டில் நிற்பவர் ஒருவர், செங்கோட்டைக் கணவாயில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் வளைவில் முட்டிக்கொள்ளும் என்பதைக் காண்கிறார். அவர் கண்டதனால் வண்டிகள் முட்டவில்லை. ஆறாம் நூற்றாண்டில் போயத்தியஸ் சிறையில் இருந்தபடி எழுதிய நூலில் முன்வைத்த விடை ஏறத்தாழ இத்தகையது. இறைவன் காலத்துக்குள் நின்று முன்னோக்குபவர் அல்லர். காலத்துக்கு அப்பால் நின்று அனைத்தையும் நிகழ்காலமாகக் காண்பவர். காண்பது கட்டாயப்படுத்துவது ஆகாது. அவருக்கு முந்திய புனித அகுஸ்தீன் (354–430), நினைவு கடந்ததைக் கட்டாயப்படுத்தாததுபோல் முன்னறிவும் வருவதைக் கட்டாயப்படுத்தாது என்றார்.

விடை கூர்மையானதே. ஆனால் மலைமுகட்டில் நிற்பவர் வண்டியையும் வண்டிக்காரரையும் மாட்டையும் வளைவையும் படைத்தவர் அல்லர். கிறித்தவக் கடவுளோ இன்மையிலிருந்து அனைத்தையும் படைத்தவர். அதற்கும் மேலாக, முட்டியவர்களுள் ஒரு சாராருக்கு மீட்சியே இல்லாத தண்டனை உண்டு என்றும் அச்சமய மரபின் பெரும்பகுதி கூறுகிறது. ஆகவே சிக்கல் முன்னறிவில் மட்டும் இல்லை. முற்றறிவு, இன்மையிலிருந்து படைத்தல், முடிவற்ற தண்டனை ஆகிய மூன்றும் ஒருங்கே கூடும்போதுதான் அது முழு வலிமை பெறுகிறது. மூன்றில் ஒன்று தளர்ந்தாலும் முடிச்சு நெகிழ்கிறது.

ஐரோப்பிய விடைகள் பலவும் இம்முடிச்சின் ஏதேனும் ஒரு முனையைப் பற்றி இழுத்தவையே. கால்வின் முன்னறிவுக்கு மேலாக இறைத்தீர்மானத்தை வைத்தார். இயேசு சபையினரான மொலீனா 1588இல் வெளியிட்ட நூலில், எந்தச் சூழலில் எந்த மனிதர் எதைத் தாமாகத் தேர்வார் என்பதையும் கடவுள் அறிவார் என ஓர் இடைநிலை அறிவை முன்மொழிந்தார். திருநெல்வேலிக்கு வந்த ஆங்கிலிக்கத் திருச்சபையின் 39 கொள்கைக் கூறுகளுள் 9ஆவது பிறவிப் பாவத்தையும் 17ஆவது முன்குறித்தலையும் பேசுகின்றன. இரண்டையும் இணைத்தால் எழும் வினாவை அவை நீட்டவில்லை. விவிலியக் கதையோ கோட்பாட்டைவிடக் கட்டற்றது. ஏதேனில் கடவுள் ஆதாமை எங்கே இருக்கிறாய் என்று தேடுகிறார். நோவாவின் காலத்தில் மனிதனை உண்டாக்கியதற்காக மனம் நோகிறார். தமிழ் விவிலியம் அதனை 'மனஸ்தாபம்' என்கிறது. அனைத்தையும் முன்னறிந்தவருக்கு மனஸ்தாபம் எப்படி வரும் என்று உரையாசிரியர்கள் காலந்தோறும் திணறியிருக்கிறார்கள்.

சொற்கள் செய்த வேலை

இச்சிக்கல் தமிழில் நுழைந்தபோது அதற்கெனக் காலியான சொற்கள் எவையும் காத்திருக்கவில்லை. ஏற்கெனவே பொருள் நிறைந்த சொற்களே கிடைத்தன. ஆதாமிடமிருந்து வழிவழியாக வரும் பாவத்தைச் 'சென்ம பாவம்' என்றும், ஒருவர் தாமே செய்யும் பாவத்தைக் 'கர்ம பாவம்' என்றும் ஞானோபதேச நூல்கள் வழங்கின. மொழிபெயர்ப்பு என்ற அளவில் இவை பிழையற்றவை. சென்மம் என்றால் பிறப்பு. கருமம் என்றால் செயல். ஆனால் சைவ, வைணவச் சூழலில் வளர்ந்த செவிக்கு இவ்விரு சொற்களும் தலைகீழாக ஒலித்திருக்கும். பிறப்போடு வருவது அம்மரபில் தன்னுடைய முன்வினையே: சஞ்சிதத்திலிருந்து பிரிந்து வந்த பிராரத்தம். பிறிதொருவன் செய்ததன் பயன் தன்னைச் சேராது என்பதே வினைக்கோட்பாட்டின் அற உயிர். அகுஸ்தீன் வழிவந்த கோட்பாட்டிலோ பிறப்போடு வருவது தான் செய்யாத, ஆதி மூதாதையின் மீறுதல். 'சென்ம பாவம்' என்ற தொடர், பிறருடைய குற்றம் தனக்கு வருகிறது என்னும் கருத்தை, தன்னுடைய குற்றமே தனக்கு வருகிறது என்னும் ஒலியோடு வழங்கியது. இந்த ஒலி முரணை மறைப்பதற்கும் உதவியது; மறுப்புக்கும் வழிவிட்டது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, 'புனர்ஜென்ம ஆக்ஷேபம்' என மறுபிறப்பை மறுப்பதற்கென்றே தனி நூல் செய்ய நேர்ந்ததை இப்பின்னணியில் காண வேண்டும். மறுபிறப்பு இருக்கும்வரை, தொடக்கப் பாவம் என்னும் கதைக்குத் தமிழ் மனத்தில் வேலையே இல்லை. பச்சிளங்குழந்தை ஏன் துன்புறுகிறது என்ற வினாவுக்கு வினைக்கோட்பாட்டில் ஏற்கெனவே விடை இருந்தது.

இன்னொரு சொல் இதைவிடச் சுவையானது. மரியாள் சென்ம பாவமின்றிக் கருவானார் என்னும் நம்பிக்கையை, 1854இல் உரோமை அதனைக் கோட்பாடாக அறிவித்தது. தமிழ்க் கத்தோலிக்கர் அதனை 'அமலோற்பவம்' என்றே வழங்குகின்றனர். மலமின்றித் தோன்றியவர் என்பது சொற்பொருள். சைவருக்கு அமலன் சிவன். இயல்பாகவே பாசங்களின் நீங்கியவன். சென்ம பாவத்தின் இடத்தில் 'மலம்' எவ்வித அரவமுமின்றி வந்து அமர்ந்துகொண்டதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

ஒப்பியல் ஆய்வேடுகள் பலவற்றில் காணப்படும் சமன்பாடு இங்கிருந்தே கிளைக்கிறது. இடப்பக்கம் சென்ம பாவம், வலப்பக்கம் ஆணவ மலம். இரண்டும் உயிரைப் பிறவியிலேயே பற்றியவை. இரண்டும் இறையருளால் மட்டுமே நீங்குபவை. எனவே இரண்டும் ஒன்று. இது வசதியான அட்டவணை. ஆனால் மெய்ப்பொருளியல் நோக்கில் பிழையானது. ஆணவம் அநாதி. செம்பில் களிம்புபோல உயிர் என்று உண்டோ அன்றே அதனைப் பற்றியது. அதற்குத் தொடக்கம் இல்லை. ஆகவே அதனைத் தொடங்கியவர் எவரும் இல்லை. ஆகவே முன்னறிந்து தடுக்காதவர் என்ற குற்றச்சாட்டுக்கு ஆளாவாரும் இல்லை. சிவன் உயிரையும் இன்மையிலிருந்து படைக்கவில்லை. பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி என்பது சித்தாந்தத்தின் அடித்தளம். சென்ம பாவத்துக்கோ தொடக்கம் உண்டு. ஒரு தோட்டம், ஒரு மரம், ஒரு பொழுது உண்டு. தொடக்கம் இருப்பதனாலேயே அதற்கு முன் எவர் என்ன அறிந்திருந்தார் என்ற வினா எழுகிறது. சமன்பாட்டு அட்டவணை இந்த வினாவைத்தான் விழுங்கிவிடுகிறது. விழுங்கப்படுவது சிறு நுட்பமன்று. ஒரு சமயம் தன் கடவுளை நோக்கி எழுப்பும் மிகக் கடினமான கேள்வி அது.

முன்னறிவுக்கும் முன்தீர்மானத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத் தமிழ் விவிலியம் காப்பாற்றியிருக்கிறது. உரோமையர் திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தில் முன்னறிதலும் முன்குறித்தலும் இரண்டு வினைச்சொற்களாக அடுத்தடுத்து நிற்கின்றன. ஆனால் வழிபாட்டுப் பேச்சிலும் செய்யுளிலும் இவ்விரண்டையும் ஒருசேர 'விதி' என்ற சொல் கவர்ந்துகொள்வது எளிது. விதி கட்டளையும் ஆகும், ஊழும் ஆகும், விதித்தவனான பிரமனும் ஆவான். திருக்குறள் ஊழுக்கு ஓர் அதிகாரம் (38) வகுத்து, ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் (62) வகுத்து, இரண்டின் இழுபறியைத் தீர்க்காமலே விட்டது. அந்த இழுபறிக்குள்தான் கிறித்தவ முன்னறிவு வந்து சேர்ந்தது.

செங்கோட்டையின் மறுப்பு

1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த செங்கோட்டை, ஆவுடையக்காளின் ஊர். 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகப் பொதுவாகக் கருதப்படும் இவர் இளமையிலேயே கைம்மை அடைந்தவர். திருவிசைநல்லூர் ஸ்ரீதர ஐயாவாளிடம் உபதேசம் பெற்றவர். இறுதியில் குற்றால மலையில் மறைந்தார் என்கிறது மரபு. அவருடைய அத்வைதப் பாடல்கள் இவ்வட்டாரப் பிராமணப் பெண்களின் நாவிலேயே நெடுங்காலம் வாழ்ந்து பின்னரே அச்சேறின.

ஆவுடையக்காள் கிறித்தவத்தோடு வாதிட்டவர் அல்லர். அவரை இங்கு இணைப்பதற்குக் காரணம் வேறு. பிறப்பே மாசு என்னும் கருத்தை, அதன் சமூக வடிவமான தீட்டிலும் எச்சிலிலும் நேருக்கு நேர் எதிர்கொண்டவர் அவர். தீட்டு என்று ஒதுக்கப்படுவதே திரண்டு உடலாகிறது எனில், அவ்வுடலைத் தாங்கிய எவர் எவரைத் தீண்டலாகாது என்று கூறமுடியும் என்பது அவருடைய வாதத்தின் போக்கு. அகுஸ்தீனின் கோட்பாட்டில் பாவம் தலைமுறைகளுக்குக் கடத்தப்படுவது பிறப்பிப்பதன் வழியாகவே. கருவாவதே கறைபடுவது. அதே கருத்தமைப்பைக் கைம்பெண்ணின் வாழ்நிலையிலிருந்து கண்ட ஆவுடையக்காள், கறை எங்கிருந்து வந்தது என்று தேடவில்லை. கறை என்று ஒன்று உண்டா என்றே கேட்டார். அத்வைத நிலையில் மாயைக்குத் தொடக்கம் கூறமுடியாது. அறிவு தோன்றியபின் அது இருந்ததாகவும் கூறமுடியாது. கயிற்றில் தோன்றிய பாம்புக்குப் பிறந்தநாள் இல்லை.

இந்நிலையில் முன்னறிவுச் சிக்கல் தீர்க்கப்படவில்லை, கரைக்கப்படுகிறது. முன்னறிபவர் ஒருவர், அறியப்படுபவர் வேறொருவர் என்ற பிரிவே எஞ்சாதபோது, நீ அறிந்தே ஏன் விட்டாய் என்று கேட்பதற்கு எதிரில் எவரும் நிற்பதில்லை. இதற்கு ஒரு விலை உண்டு. யோபு தன் சாம்பற்குவியலில் அமர்ந்து கேட்டதைப் போன்ற வழக்குரையை அத்வைதம் அனுமதிப்பதில்லை. வழக்குரைக்க ஒரு 'நீ' தேவை. கிருஷ்ணப் பிள்ளைக்கு அந்த 'நீ' இன்றியமையாதது.

துரோகமும் அரசனின் அறிவும்

பனியனின் கதை, பயணி முதுகில் சுமையோடு நிற்பதில் தொடங்குகிறது. சுமை எப்போது ஏறியது என்று பனியன் விரித்துரைப்பதில்லை. அவருக்கு அது தேவைப்படவில்லை. கிருஷ்ணப் பிள்ளை அவ்வாறு தொடங்க இயலாதவர். ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய என்னும் ஐந்து பருவங்களாக அவர் காப்பியத்தை விரித்து, பனியனிடம் விரிவாக இல்லாத விவிலிய மீட்பு வரலாற்றையும் அதற்குள் கொணர்ந்தார். இவ்விரிவைக் காப்பிய இலக்கணத்தின் தேவையாக மட்டும் ஆய்வாளர் பலர் விளக்குவர். அது பாதி உண்மையே. சுமைக்கு ஒரு தொடக்கம் கூறாவிடில், தமிழ்ப் பயிற்சி உடைய எவரும் அதனை முன்வினையென்றே கொள்வர் என்பதை மதம் மாறிய வைணவரான அவர் நன்கு அறிந்திருப்பார். வரலாற்றை முன்வைப்பது இங்கே கோட்பாட்டுத் தற்காப்பு ஆகிறது.

கடவுளைப் பேரரசராகவும் பாவத்தை அவருக்கு எதிரான துரோகமாகவும் காணும் பார்வையைக் கிருஷ்ணப் பிள்ளை கையாளுகிறார். விவிலியத்துக்கும் இது அயலானதன்று. தமிழ்க் காப்பிய மரபுக்கும் மிக நெருங்கியது. ஆனால் இவ்வுருவகம் முன்னறிவுச் சிக்கலைத் தணிப்பதற்குப் பதிலாகக் கூர்மையாக்குகிறது என்பது கவனிக்கப்படாமலே இருந்துவருகிறது. தமிழ் அரசியல் அறத்தில் அரசனின் அறிவு தடுப்பதற்கானது. திருக்குறள் ஒற்றாடலுக்கென்று 59ஆம் அதிகாரத்தை ஒதுக்குவது, துரோகம் நிகழ்ந்தபின் தண்டிப்பதற்காக அன்று, நிகழுமுன் அறிவதற்காக. முன்பே அறிந்தும் வாளாவிருந்த அரசன் ஒன்று வலியற்றவன், அன்றேல் சூழ்ச்சிக்காரன். தந்தை உருவகத்தில் இக்கூர்மை இல்லை. மகன் வழிதவறுவான் என்று அறிந்தும் அவனை வீட்டைவிட்டுச் செல்லவிட்ட தந்தையை லூக்கா நற்செய்தியின் உவமையில் எவரும் குறைகூறுவதில்லை. அரச உருவகத்தைத் தேர்ந்ததால் காப்பியப் பெருமிதம் கிடைத்தது. கூடவே விடையிறுக்க வேண்டிய சுமையும் கூடியது.

கிருஷ்ணப் பிள்ளை 'கிறித்தவக் கம்பர்' எனப் புகழப்படுபவர். இப்புகழ்மொழிக்குள்ளும் ஓர் இடர் ஒளிந்துள்ளது. கம்பனின் இராமன், முடியிழந்த வேளையில் சினந்து நிற்கும் இலக்குவனிடம், பிழை தாயினுடையதன்று, தந்தையினுடையதன்று, விதியினுடையது என்று தணிக்கிறான். நற்பண்பின் உச்சமாகத் தமிழர் போற்றும் இடம் அது. கிறித்தவ நோக்கில் அதே பேச்சு ஏதேனில் ஒலித்திருந்தால் சாக்குப்போக்கு ஆகிவிடும். ஆதாம் அங்கே பழியைப் பெண்ணின் மேல் சுமத்துகிறான், பெண் பாம்பின் மேல் சுமத்துகிறாள். கம்பனின் மொழியை முழுமையாக உள்வாங்கிய ஒருவர், அம்மொழியின் நடுநாடியான விதியை மட்டும் விலக்கி எழுதவேண்டியிருந்தது. அவர் எந்த அளவுக்கு விலக்கினார், எங்கே விலக்கமுடியாமல் விட்டார் என்பதைப் படலந்தோறும் சொல்லடைவு கொண்டு ஆராய்வது, அணிநலன் பாராட்டும் கட்டுரைகளைவிடப் பயன் தரும். அவரே 1898இல் 'இரட்சணிய சமய நிர்ணயம்' என்ற உரைநடை நூலையும் வெளியிட்டார் என்பது, காப்பியத்தால் மட்டும் இவ்வாதம் முடிந்துவிடவில்லை என்று அவர் கருதியதைக் காட்டுகிறது.

சுவர்க்க நீக்கம்

சுப்பிரமணிய முதலியாரின் தெரிவு வேறு வகையில் வியப்புக்குரியது. மில்டனின் நோக்கமே மனிதருக்கு இறைவனின் நெறிகளை நியாயப்படுத்திக் காட்டுவது. அதற்கான வாதம் மூன்றாம் பகுதியில் கடவுளின் வாயிலாகவே வருகிறது: மனிதர் வீழ்வர் என்று அறிவேன், என் அறிவு அவர்கள் குற்றத்தின்மேல் எவ்வகைச் செல்வாக்கும் செலுத்தவில்லை, அறியப்படாதிருந்தாலும் அது அவ்வாறே நிகழ்ந்திருக்கும். முதற்பகுதியில் இவ்வாதம் இல்லை. அதில் இருப்பது எரியேரியில் கிடக்கும் சாத்தானும், அவனுடைய தோல்வியுற்ற படையும், அவன் தளராத உறுதியும்.

நூற்பெயரும் நுட்பமானது. மூலப் பெயர் இழப்பைப் பேசுகிறது. தமிழ்ப் பெயர் நீக்கத்தைப் பேசுகிறது. இழப்பு இழந்தவனைச் சுட்டும். நீக்கம் நீக்கியவனையும் சுட்டும். அத்துடன், ஆதாம் இழந்தது மண்ணுலகத் தோட்டத்தை, சுவர்க்கத்தை அன்று. சுவர்க்கத்திலிருந்து நீக்கப்பட்டவர் வானவர்தாம். தமிழாக்கப்பட்ட பகுதிக்கு இத்தலைப்பு முழுக் காப்பியத்துக்குப் பொருந்துவதைவிடவும் நன்கு பொருந்துகிறது. பாவத்தின் தொடக்கம் ஏதேனில் அன்று, அதற்கு முன்பே, பாம்புமில்லாத தூண்டுபவருமில்லாத விண்ணில் நிகழ்ந்தது என்பதைத் தலைப்பே கூறிவிடுகிறது. சிக்கலின் கடைசி அறை இதுவே. ஆதாமுக்குச் சாத்தான் இருந்தான். சாத்தானுக்கு யார் இருந்தார்? நன்றாகவே படைக்கப்பட்ட ஓர் அறிவு, தூண்டுதலின்றித் தீமையை எவ்வாறு தேர்ந்தது என்பதற்கு அகுஸ்தீனும் காரணம் காட்டமுடியாமல், அதற்கு ஆக்கக் காரணம் இல்லை, குறைபாடே காரணம் என்று நிறுத்திக்கொண்டார்.

'சுவர்க்கம்' என்ற சொல்லோ இதனை மீண்டும் வினைச் சட்டகத்துக்குள் இழுக்கிறது. புண்ணியம் உள்ளவரை துய்த்து, தீர்ந்தபின் இறங்கும் இடமாகவே தமிழ் மரபு சுவர்க்கத்தை அறியும். நகுடன் இந்திர பதவியிலிருந்து வீழ்ந்தது எவருக்கும் இறையியற் சிக்கலாகப் படவில்லை. சுவர்க்கத்திலிருந்து நீங்குவது சுவர்க்கத்தின் இயல்பு. அச்சொல்லைத் தலைப்பில் படிக்கும் தமிழ் வாசகர், சாத்தானை இன்னொரு நகுடனாகப் படிக்கும் வாய்ப்பு மிகுதி.

முதற்பகுதியில் ஓர் இடம் தனி ஆய்வுக்குரியது. சாத்தான் எரியேரியிலிருந்து தலைதூக்கியதும்கூட விண்ணகத்தின் இசைவினாலேயே என்று மில்டன் இடைபுகுந்து கூறுகிறார். அவன் மேலும் மேலும் குற்றமிழைத்துத் தன்மேல் தண்டனையைக் குவித்துக்கொள்ளவும், அவன் தீங்கு மனிதருக்கு அருளாகவே முடிவதை அவன் காணவும் அந்த இசைவு தரப்பட்டது. காத்தலையும் விலக்கலையும் ஒருங்கே செய்யும் இந்த 'இசைவு', சைவ வாசகருக்குத் திரோதானத்தை நினைவூட்டாமல் இராது. மறைப்பாற்றலாகிய திரோதான சத்தி, மலத்தைச் செலுத்தி, அது தன் வலி முழுதும் செலவிட்டுப் பரிபாகம் அடையச் செய்கிறது. அது அருளேயாயினும் மலத்தை நடத்துவதால் மலம் என்றே உபசாரமாக வழங்கப்படுகிறது. தீமைக்கு இடங்கொடுப்பதும் இறைச்செயலே என்ற துணிவு இரு மரபுகளிலும் உண்டு.

எனினும் ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது. திரோதானம் மறைப்பது எந்த உயிரையோ அந்த உயிரின் நன்மைக்கே. ஒருவருடைய மலம் பிறிதொருவருக்கு அருளாகப் பயன்பட்டு, அவர் மட்டும் என்றென்றும் எரியில் கிடக்கவேண்டும் என்ற ஏற்பாடு சித்தாந்தத்தில் இல்லை. முடிவற்ற நரகமும் இல்லை. மில்டனின் இசைவிலோ சாத்தான் பக்குவம் அடைவதற்கு இடமில்லை. அவன் பிறருடைய மீட்புக் கதையில் கருவி. கிறித்தவ மரபிலேயே மூன்றாம் நூற்றாண்டின் ஒரிகன், இறுதியில் அனைத்தும் கடவுளிடம் மீளும் என்று எண்ணத் துணிந்தவர். பிற்காலத் திருச்சபை அதனை ஏற்கவில்லை. முடிச்சின் மூன்றாம் இழையான முடிவற்ற தண்டனையை அவர் தளர்த்திப் பார்த்தார் எனலாம். அவ்வகையில் ஒரிகன் மில்டனைவிடத் திரோதானத்துக்கு நெருங்கியவர்.

இதே முதற்பகுதியில், வீழ்ந்த வானவர்களே பிற்காலத்தில் மக்கள் வணங்கும் உருவங்களாயினர் என்று மில்டன் ஒரு நீண்ட பட்டியல் தருகிறார்: மோலோக்கு, தாகோன், ஒசிரிசு எனப் பலர். ஆறுமுக நாவலரின் 'சைவதூஷண பரிகாரம்' 1854இல் வெளிவந்து, உருவ வழிபாடு குறித்த கண்டனப்போர் சூடு தணியாத நூற்றாண்டு அது. அந்நூற்றாண்டில், சிவத்தலத்தைச் சிலேடையாகப் பாடிய ஒருவர் இப்பட்டியல் அமைந்த பகுதியைத் தமிழாக்க எடுத்துக்கொண்டார். இதனை இலக்கியத் தாராளம் என்று மட்டும் கடந்துவிடுவது போதாது. அலெக்சாண்டர் போப்பின் எல்லாருக்குமான மன்றாட்டையும் அவர் 'சருவசன செபம்' என்ற பெயரில் தமிழாக்கினார். எல்லா மக்களும் எப்பெயரிட்டு அழைத்தாலும் ஒரே தந்தை என்னும் அக்கவிதை, இயற்கையை ஊழில் பிணித்து மனித மனத்தை மட்டும் கட்டின்றி விட்டதாக இறைவனைப் போற்றுகிறது. மில்டனின் பட்டியலுக்கு எதிர்முனையில் நிற்கும் கவிதை அது. இரண்டையும் தமிழாக்கிய கை ஒன்றே. ஊழும் உளவுரிமையும் குறித்த கேள்வி அவரைத் தொடர்ந்து ஈர்த்திருக்கிறது என்பதற்கு 'அகலிகை வெண்பா'வும் துணைநிற்கும். கம்பனின் அகலிகை, வந்தவன் கணவன் அல்லன் என்று உணர்ந்த பின்னும் விலகாதவள். அறிவும் இசைவும் எங்கே சந்திக்கின்றன என்ற வினாவைத் தமிழில் அவளைப்போல் எழுப்பிய பாத்திரம் வேறில்லை. அவளுடைய சாபத்தோடு சாபநீக்கமும் முன்னறிவிக்கப்படுகிறது. இராமன் பாதத்துகள் படும் நாள் முதலிலேயே குறிக்கப்பட்டுவிடுகிறது. ஏதேனில் பாம்பின் தலை நசுக்கப்படும் என்ற முன்னறிவிப்பைக் கிறித்தவர் மீட்பின் முதற்செய்தியாகப் படிப்பதும் இம்முறையிலேயே.

மில்டனின் இரண்டாம் பகுதியில், வீழ்ந்த வானவருள் சிலர் ஒரு குன்றின்மேல் அமர்ந்து முன்னறிவு, ஊழ், தன்னுரிமை பற்றி விவாதித்து, வெளியேற வழியின்றிச் சுழல்கிறார்கள். அக்காட்சி 1895இன் தமிழ் நூலின் எல்லைக்கு வெளியே நின்றுவிட்டது. மூன்றாம் பகுதியில் கடவுள் தரும் விளக்கமும் அவ்வாறே. முதற்பகுதி, நரகில் எழுப்பப்பட்ட புதிய மண்டபத்தில் வீழ்ந்தோர் அவை கூடும் இடத்தோடு முடிகிறது. வெள்ளகாலாரின் தமிழில் எதிர்த்தரப்பு அவையேறிவிட்டது. இறைத்தரப்பு இன்னும் வாய்திறக்கவில்லை.